புள்ளி இரண்டு

லியெபாயாவில் குளிர்காலம் காற்றாகத்தான் வரும்.
பட்டறைக் கதவின் அடியில் பழைய சாக்கைத் திணித்துவிட்டு
ஸ்பிண்டிலை எட்டு நிமிடம் வெறுமனே சுழலவிடுகிறேன்.
மழலையர் பள்ளிக்கு நாற்பது முக்காலிகள்.
பதினெட்டு மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்.
தலைமையாசிரியை ஸ்கைத்ரீதே கேட்டது ஒன்றுதான்:
உட்கார்ந்து எழுந்தால்
பிள்ளைகளின் தொடையில் கோடு விழக்கூடாது.

ஆறு மில்லிமீட்டர் விளிம்புருட்டும் பிட்.
அதன் பேரிங்கைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன்.
கையில் பிடித்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தச் சக்கரம்;
இந்த இயந்திரத்துக்கு எண் போதும்.
முனைவிட்டம் ஆறு என்றால்
அதில் பாதியை விலகி, விளிம்பைச் சுற்றி நடக்கும்.
எட்டு என்று பொய் சொன்னாலும்
அதே பணிவோடு நடக்கும்.

முதலில் வட்டத்தை வெட்டு, நாலு இடத்தில் ஒட்டு விட்டு.
அந்த வெட்டுப் பள்ளத்துக்குள் முனை இறங்க
வளைவு மேல்விளிம்பைத் தின்றுகொண்டே போகவேண்டும்.
ஆறு ஆரத்துக்கு ஆறு ஆழம்.
குறைந்தால் வளைவு முடியுமுன்பே மரம் முடிந்துவிடும்.
கூடினால்
படி.

நேற்று மாலை வேலை ஓய்ந்த நேரத்தில்,
யாரும் கேட்காமலே,
தொடுதகட்டைக் காலிப்பரில் அளந்தேன்.
பதினைந்து புள்ளி இரண்டு.
திரையில் வெறும் பதினைந்து.
மூன்று வருடமாக இந்த இயந்திரம்
மரத்துக்கு ஒரு மயிரிழை மேலே
மரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
திருத்தினேன்.
நல்ல காரியம் செய்தவளுக்கு வரும் தூக்கம் வந்தது.

இன்று காலை முதல் முக்காலி.
கட்டைவிரலை ஓட்டினேன், நகம் தடுக்கியது.
கண்ணுக்குத் தெரியாத படி, வட்டம் முழுக்க, ஒரே அளவில்.
பிட் நழுவியதா? காலெட்டை இறக்கித் துடைத்தேன்.
பலகை நெளிந்ததா? மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது முக்காலியையும் பாழாக்கிய பிறகுதான்
கருவிப் பட்டியலைத் திறந்தேன்.
இமாந்த்ஸ் எழுதிவைத்த வரி:
"உருட்டு ஆறு. ஆழம் ஆறு புள்ளி இரண்டு."
பக்கத்தில் ஒரு குறிப்புமில்லை.

ஸ்டாவாங்கருக்கு அழைத்தேன். அங்கேயும் காற்று.
"தெரியும் விஸ்மா, தகட்டுக் கணக்கு தப்பு.
அன்றைக்கு அவசரம், ஆழத்தில் சேர்த்துவிட்டேன்."
சொல்லியிருக்கலாமே என்றேன்.
"ஏன்? எல்லாம் சரியாகத்தானே வந்தது?"

சரியாகத்தான் வந்தது.
ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு
இரண்டு தப்புகள் மூன்று வருடம் நிமிர்ந்து நின்றன.
அதன் கீழே நான் சம்பளம் வாங்கினேன்,
வாடிக்கையாளர்கள் விளிம்பைத் தடவிப் பாராட்டினார்கள்.
ஒன்றைத் திருத்தியவள்தான்
இன்றைக்கு இரண்டு முக்காலிக்குக் கணக்குச் சொல்லவேண்டும்.

ஆறு என்று மாற்றினேன். மூன்றாவது முக்காலியில்
நகம் வழுக்கிப் போயிற்று,
எங்கே பரப்பு முடிந்தது, எங்கே வளைவு பிறந்தது
என்று விரலுக்கே குழப்பம்.

ஆனால் பட்டியலில் இன்னும் நாற்பது வரிகள்.
எது தானாக நிற்கிறது,
எது இல்லாத தகட்டில் சாய்ந்து நிற்கிறது
என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.
கெட்டுப்போன முக்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.
எட்டரை புள்ளி இரண்டு: இமாந்த்ஸ்.
பன்னிரண்டு புள்ளி இரண்டு: இமாந்த்ஸ்.
பதினேழாவது வரி: ஆழம் மூன்று.
வெறும் மூன்று.
இதைச் சேர்க்க மறந்தானா,
வேறெங்காவது சேர்த்துவைத்தானா?

தொடையில் கோடு விழுந்திருக்கும்.
எழுந்து ஒரு துண்டுப் பலகையைக் கவ்வியில் பூட்டி
தூசியுறிஞ்சியைப் போடுகிறேன்.